கடன் புத்தகம் காட்டும் களஞ்சியம்

பணத்தைச் சேமிப்பது பற்றிப் பள்ளி மலர்களில் பலமுறை கட்டுரைகள் வெளிவந்துள்ளன. அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் இடத்தில் 1974-ஆம் ஆண்டு டிசம்பரில் தேசிய சேமிப்பு வங்கி தோன்றிய பின்னர், சிறுவர் தம் உண்டியல் காசைக் கொண்டுபோய்ப் புத்தகத்தில் பதிந்து வரும் நல்வழக்கமும் நம்மிடையே வளர்ந்தது. ஆயின், அரிசியையும் பருப்பையும் சேமிப்பது பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. சம்பள நாளுக்கு முந்திய பத்து நாள்களில் ஏழை வீட்டு அடுப்படி எவ்வாறு இருக்கும் என்பதை அறிந்தவர்கள், இதுவும் எழுதத்தக்க பொருளே என்பதை ஒப்புவர்.

மாதக் கடைசியில் காலைச் சபைக் கூடலின்போது தலைசுற்றி உட்கார்ந்துவிடும் மாணவரை நான் பலமுறை கைத்தாங்கலாக அழைத்துச் சென்றதுண்டு. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால், "தேத்தண்ணி மட்டும், ஐயா" என்று தலைகுனிந்தபடி விடை வரும். அப்பிள்ளையின் பெற்றோர் சோம்பேறிகள் அல்லர். விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டிற்கோ, செம்பனைத் தோட்டத்திற்கோ, நகரோரத் தொழிற்சாலைக்கோ சென்று உழைப்பவர்கள். அவர்களிடம் குறைந்திருந்தது உழைப்பன்று. வீட்டில் பத்து நாள் தாங்கும் இருப்பு ஒன்றுதான் இல்லை.

"இருக்கிற சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே போதவில்லை, இதில் இருப்பு வைப்பது எங்ஙனம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. வசதி படைத்தவர் ஒரே நாளில் வண்டி நிறைய வாங்கி அடுக்கிவிடுவர். நம்மால் அவ்வாறு இயலாது. இயன்றாலும் அது நன்றன்று என்பதை என் சொந்த அனுபவத்தால் பின்னர்க் கூறுகிறேன். இங்கே நான் விளக்க முற்படுவது, வாரந்தோறும் ஐந்து வெள்ளிக்கு மேற்படாத செலவில் சிறுகச் சிறுகச் சேர்க்கும் முறையாகும்.

முதலில், இருப்பு இல்லாத வீடு எவ்வாறு கூடுதல் விலை கொடுக்கிறது என்பதைக் காண்போம். மாணவர்கள் இதனை ஒரு கணக்காகவே செய்து பார்க்கலாம். கால் கிலோ பருப்புப் பொட்டலம் 2 வெள்ளி என்றும், ஒரு கிலோ 6 வெள்ளி 50 காசு என்றும் வைத்துக்கொள்வோம். கையில் காசு இல்லாத வீட்டார் கால் கிலோவாக நான்கு முறை வாங்கினால் 8 வெள்ளி ஆகிறது. ஒரு கிலோவுக்கு ஒன்றரை வெள்ளி நட்டம். சர்க்கரை, எண்ணெய், மிளகாய்த் தூள் என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வாறே கூட்டிப் பாருங்கள். சில வேளைகளில் சலுகை விலையில் வரும் சிறு பொட்டலமே மலிவாக இருப்பதும் உண்டு. ஆதலால் விலைச்சீட்டைப் பார்த்தவுடன் முடிவு செய்யாது, எடையால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர் இதனைத் தம் அன்னைக்கு ஒரு நிமிடத்தில் செய்து கொடுக்கலாம்.

இனி, எந்தப் பொருளை இருப்பு வைப்பது? இதற்கு விடை கூறும் நூல் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே உள்ளது. அட்டையில் 555 என்று அச்சிட்ட அந்தச் சட்டைப்பை அளவுக் கடன் புத்தகமே அது. தோட்டத்துக் கடைக்காரர் அதில் எழுதிக் கொடுத்துப் பல குடும்பங்களை மழைக்காலத்தில் காப்பாற்றியிருக்கிறார் என்பதை மறுக்க முடியாது. எங்கள் வீட்டையும் ஒரு கடைக்காரர் அவ்வாறு காத்தார். அதே புத்தகத்தில் நாங்கள் வாங்காத இரண்டு டின் பால் ஏறியிருந்ததும், என் தாயார் எழுத்தறியாமையால் அதைக் கேட்க இயலாது நின்றதும் எனக்கு மறக்கவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்து, கடந்த மூன்று மாதங்களிலும் இருபதாம் தேதிக்குப் பின்னர் என்னென்ன எழுதப்பட்டுள்ளன என்று பாருங்கள். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், நெத்திலிக் கருவாடு, சர்க்கரை, தேயிலை என்று ஏழெட்டுப் பொருள்களே திரும்பத் திரும்ப வரும். உங்கள் வீட்டுக் களஞ்சியத்தின் பட்டியல் அதுதான். கடன் புத்தகம் இல்லாத வீட்டார், மாதக் கடைசியில் எது தீர்ந்து போகிறது என்பதை ஒரு தாளில் குறித்து வரலாம்.

நானே இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தித்தான் கற்றேன். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கவிருந்த வேளையில், ஊரெல்லாம் கடைக்கு ஓடக் கண்டு நானும் ஓடினேன். அரிசி கிடைக்கவில்லை. கையில் கிடைத்த கோதுமை மாவில் பத்து கிலோவை வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் மாதம் ஒரு கிலோ மாவு செலவாவதே அரிது. மூன்றாம் மாதம் திறந்து பார்த்தபோது மாவு முழுவதும் வண்டு நெளிந்தது. பாதியைக் குழி தோண்டிப் புதைத்தோம். அந்தப் பணத்திற்குப் பருப்பு வாங்கியிருந்தால் குடும்பமே இரண்டு மாதம் உண்டிருக்கும். நாள்தோறும் உண்ணும் பொருளையே இருப்பு வைக்க வேண்டும் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

அரிசிக்கு நம் முன்னோர் கண்ட வழி ஒன்று உண்டு. அதுவே பிடி அரிசி. உலையில் இடுவதற்காக அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போட்டுவிடுவது அது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காது மரவள்ளிக் கிழங்கையே தின்று உயிர் பிழைத்த என் பாட்டியார், அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் ஒரு வேளைகூடத் தவறாது இவ்வாறு எடுத்து வைத்தார். நான் ஒரு பிடியை நிறுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 40 கிராம் இருந்தது. நாளைக்கு இருவேளைக்கு 80 கிராம். முப்பது நாளில் 2 கிலோ 400 கிராம். உலையில் ஒரு பிடி குறைந்ததை வயிறு உணராது. நான்கு மாதம் முடிவதற்குள் ஒன்பது கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். ஐவர் உள்ள வீட்டிற்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ வீதம் ஒன்பது நாள் உணவு, ஒரு காசும் கூடுதலாகச் செலவின்றி!

எந்த அரிசி என்பதையும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். ஏனெனில் இதில் நம் நாட்டு வரலாறே அடங்கியிருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று மடிவர். சீனத் தொழிலாளரிடையே அது மிகுதியாகவும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே மிக அரிதாகவும் இருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். 1905-ஆம் ஆண்டில் டாக்டர் ஃபிளெட்சர் என்பவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு தீட்டிய பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே புதிதாக அந்நோய் பரவவில்லை. 1907-ஆம் ஆண்டு முதல் ஃபிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்ந்து இதனை உறுதிப்படுத்தினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதும், அச்சத்து 'பி1' என்னும் வைட்டமின் என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின.

ஆகவே, இருப்பு வைப்பதற்கும் புழுங்கல் அரிசியே ஏற்றது. அதன் மணி கடினமாதலால் வண்டு துளைப்பதும் அரிது. தவிடு நீக்காத சிவப்பரிசி சத்து மிக்கதே எனினும், தவிட்டிலுள்ள எண்ணெய் சில மாதங்களில் சிக்கு நாற்றம் எடுத்துவிடும். அதனைப் பெருமளவில் சேர்த்து வைக்க வேண்டாம். விலையைப் பொறுத்தும் ஒரு சொல். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது; 2024 செப்டம்பரில்தான் அத்தடை விலகியது. அந்த இடைக்காலத்தில் நம் நாட்டுக் கடைகளில் இறக்குமதி அரிசியின் விலை ஏறியதையும், உள்நாட்டு அரிசி கிடைக்காது மக்கள் அலைந்ததையும் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். ஒன்பது கிலோ அரிசி இருந்த வீட்டார், விலை ஏறிய நாளன்றே வாங்க வேண்டிய கட்டாயத்திற்கு உள்ளாகவில்லை.

அரிசிப் பானை தானே நிறைந்து வருகையில், வாரத்திற்குரிய அந்த ஐந்து வெள்ளியை மற்றப் பொருள்களுக்குத் திருப்புங்கள். சம்பளம் வந்த வாரத்தில் வழக்கமான ஒரு கிலோ பருப்புடன் இன்னும் அரைக்கிலோ. அடுத்த வாரம் ஒரு பொட்டலம் உப்பும் சிறிது புளியும். அதற்கடுத்து ஒரு டின் சார்டின். இவ்வாறு நாளும் வாங்கும் பொருளிலேயே 'ஒன்று கூட' வாங்கி ஒதுக்குவதே முறை. ஒரு வாரம் காசில்லையாயின் அவ்வாரத்தை விட்டுவிடுங்கள்; கடன் வாங்கி இருப்பு வைப்பது குடையை விற்று மழைக்கோட்டு வாங்குவதை ஒக்கும். ஐவருக்குப் பத்து நாளைக்கு இரண்டு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய், ஒரு கிலோ சர்க்கரை, அரைக்கிலோ நெத்திலி, நான்கைந்து டின் மீன், வெங்காயம், மிளகாய், தேயிலை ஆகியவை போதும். விலை ஊருக்கு ஊர் மாறுவதால் நான் எடையை மட்டுமே கூறினேன்.

பருப்பை முதலில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. அரிசியிலுள்ள புரதத்தில் குறைவாக இருக்கும் கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது இறைச்சி வாங்க இயலாத வீட்டுக் குழந்தைக்கும் வளர்ச்சிக்குரிய புரதம் கிடைக்கிறது. பருப்பு ஓராண்டு கெடாது. பழையதானால் வேகத் தாமதமாகும், அவ்வளவே. முந்திய இரவே ஊற வைத்தால் அக்குறையும் தீரும். முள்ளோடு உண்ணும் நெத்திலியில் எலும்பை வலுப்படுத்தும் சுண்ணாம்புச் சத்து உள்ளது. கீரைக்கு மட்டும் தகரம் வேண்டியதில்லை. லயத்து வீட்டின் பின்புறம் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டுவிட்டால் அதுவே பச்சைக் களஞ்சியம். மரவள்ளி நடுவோர், தோலை முற்றும் நீக்கி, திறந்த பாத்திரத்தில் நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். கசக்கும் கிழங்கில் நஞ்சு உண்டு, அதனை உண்ணலாகாது.

குழந்தைப்பால் பற்றி ஓர் எச்சரிக்கை. இனிப்புப் பால் டின் மலிவானது, நெடுநாள் கெடாதது என்பதற்காக அதனைக் கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் தாய்மார் இன்றும் உளர். 1939-ஆம் ஆண்டிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் சிங்கப்பூரில், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிட்டு ஆற்றிய உரையில் இதனைக் கடுமையாகச் சாடினார். அது தேநீருக்கு ஆகும், கைக்குழந்தைக்கு ஆகாது. தாய்ப்பாலூட்டும் அன்னைக்கு வயிறார உணவு கிடைக்கச் செய்வதே குழந்தைக்கான இருப்பு.

சேர்த்ததைக் காப்பது சேர்ப்பதினும் கடினம். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் உகந்தவை. அரிசி வண்டு எங்கிருந்தோ பறந்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது கடையிலிருந்தே நம்முடன் வருகிறது. பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடும். ஒரு மாத அளவில் குஞ்சு வளர்ந்து வண்டாகி வெளிவரும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவது பழைய வழக்கம். ஓரளவு பயன் தரலாம். ஆயினும், இறுக மூடும் தகரத்திற்கு ஈடு வேறில்லை. கடையில் காலியாகும் சதுர பிஸ்கட் தகரத்தைக் கேட்டு வாங்கி, கழுவி, நன்றாக வெயிலில் உலர்த்திய பின்னர், அரிசியை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். குளிர்ப்பெட்டி உள்ள வீட்டார், வாங்கி வந்த பருப்பையும் மாவையும் உறைபனிப் பகுதியில் நான்கைந்து நாள் வைத்தெடுத்தால் முட்டையும் அழியும். எடுத்தவுடன் திறவாமல், அறை வெப்பத்திற்கு வந்த பின்னரே தகரத்தில் கொட்ட வேண்டும். இல்லையேல் நீர் கோத்துக்கொள்ளும். சாக்கிலேயே தரையில் வைத்தால் எலி வரும். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிரையே வாங்கக்கூடியது. ஆதலின் தகரத்தைப் பலகையின் மேல், சுவரை ஒட்டாது வையுங்கள்.

வண்டு விழுந்த அரிசியைப் புடைத்து உண்ணலாம், தீங்கில்லை. பூஞ்சை பிடித்த பொருளோ அவ்வாறன்று. 1988-ஆம் ஆண்டு அக்டோபரில் பேராக் மாநிலத்தில் ஒருவகை அரிசி நூடல்ஸ் உண்ட குழந்தைகளுள் 13 பேர் உயிரிழந்தனர். அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. சமையல் வெப்பம் இந்நஞ்சை முற்றும் அழிப்பதில்லை, கழுவினாலும் போகாது. நிலக்கடலை, சோளம், மிளகாய் ஆகியவற்றில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால், பூத்ததைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று எண்ணாது எறிந்துவிடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள். அவ்வாறே உப்பிய டின்னையும், ஓரத்தில் நசுங்கிக் கசியும் டின்னையும் திறந்து முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

வெள்ளம் வரும் ஊர்களில் இன்னும் ஒரு கவனம் தேவை. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் பலர் மாடியிலும் கூரையிலும் உணவின்றிக் காத்திருந்தனர். அரிசியும் பருப்பும் வைத்திருந்தவர்களும் அவற்றை கீழ்த்தளத்தில் வைத்திருந்தால் பயனில்லாது போயிற்று. அடுப்பு மூழ்கிய வீட்டில் அரிசியால் பயனும் இல்லை. ஆகையால், மழைக்காலம் தொடங்குமுன் சமைக்காமலே உண்ணத்தக்க பிஸ்கட், டின் மீன், அவல், சர்க்கரை ஆகியவற்றில் சிறிதளவைத் தனிப் பையிலிட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் வீதம் குடிநீருடன் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். வெள்ள நீர் பட்ட அரிசியும் மாவும், மேலே உலர்ந்திருப்பினும், உண்ணத்தக்கவை அல்ல.

இறுதியாக மாணவர்களுக்குரிய வேலை. புதிதாக வாங்கியதைத் தகரத்தின் அடியிலும், பழையதை மேலேயும் வைப்பது வழக்கமாக வேண்டும். பழையது முதலில் அடுப்பேறினால்தான் இருப்பு கெடாது. நீங்கள் ஒரு சிறு தாளில் பொருளின் பெயர், வாங்கிய நாள், எடை ஆகியவற்றைத் தமிழில் தெளிவாக எழுதி ஒவ்வொரு தகரத்திலும் ஒட்டுங்கள். மாதக் கடைசியில் அம்மா அதிலிருந்து எடுத்துச் சமைத்தால் எடுத்த அளவையும் எழுதுங்கள். சம்பளம் வந்ததும் முதலில் அந்த அளவைத் திரும்ப நிரப்ப நினைவூட்டுங்கள். பென்சிலால் எழுதினால் ஈரத்தில் கலங்காது. மைப்பேனாவால் எழுதியது ஒரே மழைக்காலத்தில் அழிந்துவிடும். தாள் நிறைந்ததும் அதன் மேலேயே அடுத்த தாளை ஒட்டலாம்.